அப்பாவின் சான்சுய்க்கு நான்கு டிரான்சிஸ்டர்கள்: சந்திப்பு ரேடியோ கடை அனுபவம்

வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பாடாமல் கிடக்கிறது, துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம் என்பவர்கள் திருநெல்வேலிப் பக்கம் இருந்தால் இது அவர்களுக்காக எழுதியது. சந்திப்பில், அதாவது ரயில் நிலையப் பகுதியில், மதுரை சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பெயர்ப்பலகை இல்லாத ரேடியோ கடை ஒன்று இருக்கிறது. எட்டடி அகலம்தான். ‘ரேடியோ அண்ணாச்சி கடை’ என்று கேட்டால் சைக்கிள் கடைக்காரர் கை காட்டுவார். அங்கேதான் என் அப்பாவின் சான்சுய் ஆம்ப்ளிஃபயருக்கு, ஸ்பீக்கருக்கு மின்சாரம் தள்ளும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் நான்கையும் மாற்றினேன். மாசியில் கைக்கு வந்தது, இப்போது ஆடி. நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பாடுகிறது. ஒரு கோடையைத் தாண்டட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

அந்த ஆம்ப்ளிஃபயரை அப்பா 1978இல் சிங்கப்பூரில் வாங்கினார். எம்.வி. சிதம்பரம் கப்பலில் அவரோடு சென்னைக்கு வந்து, பிறகு ரயிலேறி வீரவநல்லூருக்கு வந்தது. ‘சான்சுய்’ என்றால் ஜப்பானிய மொழியில் மலையும் நீரும் என்று பொருள். அதை யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். “பொதிகையையும் தாமிரபரணியையும் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறேன்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆயுத பூசைதோறும் ஆச்சி வைத்த சந்தனப் பொட்டின் தடம் முன்பலகையின் வலது ஓரத்தில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதைத் துடைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

கடந்த ஐப்பசி அடைமழையில், மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த ஓர் இரவில் இடப்பக்கம் கரகரத்தது. மறுநாள் விளக்கு மட்டும் எரிந்தது. ஆன் செய்து சில நொடிகள் கழித்து உள்ளே ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே ஒட்டும் ‘டிக்’ ஓசை வரவே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டே நாளில் பாட வைத்துக் கொடுத்தார்கள். மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பதினோராம் நாள் மாலை, இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து ஒரு உறுமல் எழுந்தது. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைப்பதற்குள் வூஃபரின் கம்பிச்சுருள் கருகி, அறை முழுக்க வார்னிஷ் தீய்ந்த வாடை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தை மாதம் அதைக் கோரைப்பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு, செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். பதினான்கு கிலோ. காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுன் என்று சந்திப்பு வரும் வரை ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தேன். கூட வந்த அக்காள் மகன் சந்து வரை தூக்கி வந்தான்.

அண்ணாச்சிக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும். இளமையில் ஒலிபெருக்கி நிலையங்களின் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்த்து வந்தவர். இன்றும் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகும் பெட்டிகள்தான் அவர் கடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கள் டீச்சர், திறந்து காட்டுகிறேன். கணக்கு உங்களுக்கே புரியும்” என்றார். எதையும் மறைத்துச் செய்யாத மனிதர்.

மேல்மூடியைக் கழற்றினார். சூட்டை வெளியேற்றும் உலோகப் பலகையான ஹீட் சிங்கின் மேல் நான்கு இரும்புத் தொப்பிகள், அவைதான் டிரான்சிஸ்டர்கள். வலப்பக்கத்து இரண்டிலும் சான்கன் நிறுவனத்தின் அடையாளம், கீழே ஏ747, சி1116 என்ற எண்கள். ஜப்பானிய டிரான்சிஸ்டர்களில் முன்னால் வர வேண்டிய ‘2எஸ்’ என்பதைப் பெரும்பாலும் அச்சிடமாட்டார்கள். முழுப் பெயர் 2எஸ்ஏ747, 2எஸ்சி1116. ஒன்று பிஎன்பி, மற்றது என்பிஎன்: மின்னோட்டத்தை எதிரெதிர்த் திசையில் கையாளும் ஜோடி. 10 ஆம்பியர், 100 வாட் ரகம். இடப்பக்கத்தில் இருந்தவை வேறு: 2என்3055, எம்ஜே2955. எந்த ரேடியோ கடையிலும் கிடைக்கும் ஜோடி. முதல் கடைக்காரர் போட்டவை அவை.

“இந்த ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே எவ்வளவு வோல்ட் என்று பார்க்கலாம்” என்று பெரிய கண்டென்சர்களின் மேல் மீட்டரை வைத்தார். ஒரு பக்கம் கூட்டல் 42, மறுபக்கம் கழித்தல் 42. இரண்டுக்கும் இடையே 84 வோல்ட். ஒரு டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும் நொடியில், எதிரே மூடியிருக்கும் டிரான்சிஸ்டரின் தலையில் ஏறத்தாழ அந்த 84 வோல்ட்டும் விழும். 2என்3055 தாங்கக்கூடியதோ 60 வோல்ட். எம்ஜே2955உம் அப்படியே. எங்கள் தெருவில் 230 இருக்க வேண்டிய மின்னழுத்தம் இரவு பத்து மணிக்கு மேல் 250ஐத் தொடும். அப்போது இந்த 84 என்பது 91 ஆகும். ஆறாம் வகுப்பு விகிதக் கணக்கு. அதைப் போடாமல் டிரான்சிஸ்டரைப் போட்டிருக்கிறார்கள்.

2என்3055 மோசமான டிரான்சிஸ்டர் என்று சொல்ல வரவில்லை. 15 ஆம்பியர், 115 வாட் என்று தன் அளவுக்குள் நன்றாக உழைக்கும். இந்த வீட்டுக்கு அது வேலையாள் அல்ல, அவ்வளவுதான்.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. ரிலேயின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் குறுக்கே இணைத்து ஈயம் வைத்திருந்தார்கள். டிரான்சிஸ்டர் பழுதாகி நேர்மின்சாரம் ஸ்பீக்கர் பக்கம் வந்தால் இணைப்பைத் துண்டிப்பதற்காகவே இருக்கும் ரிலே அது. அது ஒட்டாமல் இருந்தது பழுது அல்ல, எச்சரிக்கை. எச்சரித்தவனின் வாயைக் கட்டியதால்தான் என் வூஃபர் கருகியது. அண்ணாச்சி அந்த வயரை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு அங்குலம்கூட இல்லை. ஒன்றும் பேசவில்லை அவர்.

“எதனால் போயிற்று என்று தெரியாமல் புதிது போட்டால், புதிதும் அதே வழியில் போகும் டீச்சர்” என்றார் பிறகு. பெட்டியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. முதல் காரணம் இடப்பக்கப் பிரீசெட். பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டமான பயஸைச் சரிசெய்யும் சிறு திருகு அது. அதன் உள்தகடு களிம்பேறி, தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. தொடர்பு விட்டுப்போகும் நேரமெல்லாம் டிரான்சிஸ்டர்களுக்குள் மின்னோட்டம் எகிறியிருக்கிறது. ஹீட் சிங்கின் சூட்டை உணர்ந்து அந்த மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டிய சிறு டயோடும் இடம் பெயர்ந்து காற்றில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அது முதல் பழுது பார்ப்பின்போது நடந்தது. சூடு ஏற ஏற மின்னோட்டம் ஏறும், மின்னோட்டம் ஏற ஏறச் சூடு ஏறும். நிறுத்த ஆள் இல்லை.

இனி மாற்று டிரான்சிஸ்டர் எது என்ற கேள்வி. நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்த இடத்தில்தான்.

சான்கனின் அந்த ஜோடி இப்போது உற்பத்தியில் இல்லை. ‘அசல் பழைய சரக்கு’ என்று இணையத்தில் விற்கிறார்கள். எது அசல் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணாச்சி இரண்டு வழி சொன்னார். ஒன்று, தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி. 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட்; வேகமும் நிறைய. ஆனால் அது மூன்று கால் உள்ள பிளாஸ்டிக் வில்லை. ஹீட் சிங்கில் புதிதாகத் துளை போட வேண்டும். அப்பாவின் பெட்டியில் துளை போட நான் சம்மதிக்கவில்லை. மற்றது, ஆன்செமி நிறுவனத்தின் எம்ஜே21193, எம்ஜே21194. மோட்டோரோலாவிலிருந்து 1999இல் பிரிந்த நிறுவனம் அது. பழையதைப் போலவே டிஓ-3 எனும் இரும்புத் தொப்பி வடிவம். இரண்டு ஊசிக் கால்கள், உடலே கலெக்டர் எனும் மூன்றாவது முனை. 250 வோல்ட், 16 ஆம்பியர், 250 வாட். துளை போட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து அதன் தரவுத் தாளை இறக்கிப் படித்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு வரி: 80 வோல்ட்டில் 2.25 ஆம்பியரை ஒரு நொடி தாங்கும். என் கண்ணுக்கு 250 வாட் என்ற பெரிய எண்ணைவிட இந்தச் சிறிய எண்தான் முக்கியமாகப் பட்டது. வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உயரும் அந்த நொடியில்தான் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சாகின்றன. வேகத்தில் இது பழைய சான்கனைவிடச் சற்றுக் குறைவு. காதில் தெரியுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். “அலைக்காட்டியில் சதுர அலை கொடுத்துப் பார்ப்பேன். அது துடிக்காமல் நின்றால் எனக்குப் போதும். காதுக்கு நீங்கள்தான் பொறுப்பு” என்றார்.

இந்த இடத்தில் ஒரு தவறு செய்தேன். மாற்று எண் தெரிந்துவிட்டதே என்று, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஒன்று 140 ரூபாய் என்று நான்கு வாங்கி, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒன்றன் தலையைத் தேய்த்தார். எழுத்து கரைந்து பஞ்சில் ஒட்டியது, அடியில் வேறோர் எண்ணின் நிழல். அடுத்ததைத் தாமே செய்துவைத்திருக்கும் ஒரு பெட்டியில் மாட்டி, பெரிய ரெசிஸ்டர் வழியாக மெல்ல மெல்ல வோல்ட்டை ஏற்றினார். 250 தாங்க வேண்டியது 74இல் கைவிட்டது.

பிறகு மூன்றாவதைப் பட்டறைக் கிடுக்கியில் பிடித்து, ஆக்சா பிளேடால் தொப்பியின் விளிம்பைச் சுற்றி அறுத்தார். ஐந்து நிமிடம் ஆனது. தொப்பி கழன்றதும் விளக்கை அருகே இழுத்து என்னிடம் நீட்டினார். அகலமான இரும்புத் தட்டின் நடுவே ஒரு சில்லு ஒட்டியிருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு அறுத்த தொப்பியை எடுத்தார், எப்போதோ செத்துப்போன நல்ல டிரான்சிஸ்டர். அதில் சில்லு என் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருந்தது. அதிலிருந்து கால்களுக்குப் போகும் கம்பியும் தடிமன். 16 ஆம்பியர் ஓட வேண்டிய இடம் அது. கடுகு எப்படித் தாங்கும்? எனக்கு அழுகை வரும்போல இருந்தது. 560 ரூபாய்க்காக அல்ல. அவர் அதை அறுத்துக் காட்டாமல், ‘நீங்கள் கொடுத்ததைத்தான் போட்டேன்’ என்று சொல்லிப் பொருத்தியிருந்தால் மற்ற ஸ்பீக்கரும் போயிருக்கும்.

சரியான சரக்கை, தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர் ஒருவரிடமிருந்து அக்காள் மகன் வரவழைத்தான். வரி சேர்த்து ஒன்று 610 ரூபாய். அண்ணாச்சி சொன்னபடி ஆறு வாங்கினோம். ஒவ்வொன்றும் மின்னோட்டத்தை எத்தனை மடங்காக்குகிறது என்ற பெருக்கத்தை அளந்து, நெருங்கி வருகிற நான்கைத் தேர்ந்தெடுத்தார். அதே சோதனைப் பெட்டியில் இவை 260ஐத் தாண்டியும் அசையவில்லை. அதற்கு மேல் அவர் ஏற்றவில்லை.

வலப்பக்கத்தில் நன்றாக இருந்த சான்கன் ஜோடியையும் மாற்ற வேண்டுமா என்று எனக்கும் அவருக்கும் சிறு வாக்குவாதம். நல்லதை ஏன் கழற்ற வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் டிரான்சிஸ்டர்கள் இருந்தால் இரண்டும் வெவ்வேறு ஆம்ப்ளிஃபயர்கள் ஆகிவிடும் என்பது அவர் கட்சி. அவரே வென்றார். இன்றும் அது கட்டாயம் என்று என் மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் கழற்றிய ஜோடியைத் தாளில் சுற்றி, ‘நல்லது’ என்று எழுதி என்னிடமே கொடுத்தார். எத்தனை கடையில் அப்படிக் கொடுப்பார்கள்?

பொருத்திய நாளில் முழு நேரமும் உடனிருந்தேன். சூட்டை விட்டு மின்சாரத்தை மட்டும் தடுக்கும் பழைய மைக்காத் தகடுகளை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தார். இருபுறமும் வெள்ளைப் பசையை, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல, அடியில் இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிதாகத் தடவினார். “நிறையப் பூசினால் சூடு போகாது, தங்கும்” என்றார். திருகியபின் தொப்பிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டர் வைத்து, தொடர்பு இல்லை என்று நான்கையும் உறுதி செய்தார். பிரீசெட் இரண்டும் புதிது, வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டர் இரண்டு புதிது. தொங்கிய டயோடு தன் இடத்துக்குப் போனது. ரிலேயும் தன் வேலைக்குத் திரும்பியது. பின்பக்கத்தில் இருந்த வோல்டேஜ் தேர்வு 220இல் இருந்ததை 240க்கு மாற்றினார். இத்தனை வருடம் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முதல் தடவை நேராக மின்சாரம் கொடுக்கவில்லை. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டியிருந்தார். உள்ளே எங்காவது தவறு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் ஆகாது. சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று ஏறி, ஒரு மூச்சு விடும் நேரத்தில் மங்கி, சிவந்த இழையாக அடங்கியது. உள்ளே ‘டிக்’. அந்த ஓசையை நான் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

பிறகு பயஸ். 0.47 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து, 14 மில்லிவோல்ட் வரும் வரை பிரீசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். 14ஐ 0.47ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30 மில்லிஆம்பியர். அதோடு விடாமல், மூடியை மூடி, அரை மணி நேரம் சூடாகவிட்டு மறுபடி அளந்து மறுபடி திருகினார். ஸ்பீக்கர் முனையில் நேர்மின்சாரம் இடப்பக்கம் 11, வலப்பக்கம் 18 மில்லிவோல்ட். இந்த எண்களையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். அடுத்துத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு உதவும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் போட்டது அப்பாவின் காருகுறிச்சி அருணாசலம் இசைத்தட்டு. எங்கள் ஊருக்கு அடுத்த ரயில் நிலையத்துக்காரர். வேறு யாரைப் போட முடியும்? இரவல் ஸ்பீக்கரில்தான் கேட்டேன். நாகசுரம் நீண்ட கார்வையில் நிற்கும்போது முன்பெல்லாம் இடப்பக்கம் ஓரத்தில் ஒரு மணல் உரசும். அதைத் தட்டின் தேய்மானம் என்றே நினைத்திருந்தேன். அது இல்லை. தவிலில் குச்சி படும் தொப்பி அடியும் விரல் படும் வலந்தலையும் தனித்தனியே வந்து விழுந்தன. ஓசையின் குணம் மாறிவிட்டதா என்று கேட்டால், அடித்தளம் சற்று இறுக்கமாகியிருப்பதாக என் காது சொல்கிறது. அது புதிய டிரான்சிஸ்டராலா, பயஸ் சரியானதாலா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் ஓடிய பிறகும் ஹீட் சிங்கில் கை வைக்க முடிந்தது. அது உறுதி.

செலவு: டிரான்சிஸ்டர்கள் ஆறு 3,660, சில்லறைப் பாகங்கள் 440, கூலி 1,800. மொத்தம் 5,900 ரூபாய். செய்த வேலைக்கு அந்தக் கூலி குறைவு என்பதே என் எண்ணம். கூடுதலாகக் கொடுத்ததை அவர் வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. ஐந்து வாரம் ஆனது. போனை எடுப்பது அபூர்வம். அவராக அழைத்தால்தான் உண்டு. அச்சடித்த ரசீது கிடையாது, கையால் எழுதிய சீட்டுதான். வண்டி நிறுத்தச் சந்தில் இடமில்லை, கனமான பெட்டியை நாமே தூக்க வேண்டும். பட்டறையில் புகை போக வழியில்லை. ஈயம் உருகும்போது எழும் பிசின் வாடையில் எனக்கு இருமல் வந்தது. இத்தனை வருடமாக அதிலேயே இருக்கும் அவர் ஒரு சிறு மின்விசிறியாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சித்திரையிலும் ஆடியிலும் போகாதீர்கள். கொடைக்கால ஆம்ப்ளிஃபயர்கள் கடையை அடைத்திருக்கும், உங்கள் பெட்டி மூலைக்குப் போய்விடும். காலை பதினொரு மணிக்கு மேல் திறப்பார். வீட்டில் ஏற்கெனவே யாராவது பழுது பார்த்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கழற்றிய பாகங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள். டிரான்சிஸ்டரை நீங்களே வாங்குவதானால் ரசீதோடு வாங்குங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.

போன வாரம் அண்ணாச்சியே அழைத்தார். கடையநல்லூரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், அதே சான்கன் ஜோடி, ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறது, உங்களிடம் இருப்பதைக் கொடுக்க மனம் உண்டா என்று கேட்டார். தாளில் சுற்றியபடியே எடுத்து, மறுநாள் காலை பாசஞ்சரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.